மாமன் வைத்த காவல்

பெனிசிமானி இன்னும் அந்தக் கிழிந்த பாயைக் கட்டிக்கொண்டுதான் திரிகிறான். இழவு வீட்டில் தாழ்ந்த உறவுக்காரர்கள் கட்டிக்கொள்ளும் பெரிய பாய். நெஞ்சுவரை ஏறும், ஓரமெல்லாம் பிய்ந்து தொங்கும். செத்தவனுக்குத் தாய்மாமன் என்றால் கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் துக்க நாள் முடிந்ததும் எல்லாரும் அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இவன் அவிழ்க்கவில்லை. அதைக் கட்டிக்கொண்டே கடைக்குப் போகிறான், அதைக் கட்டிக்கொண்டே துறைமுக அலுவலகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறான். சின்னப் பிள்ளைகள் ‘பாய்க்காரன்’ என்று கூப்பிடுகின்றன. கூப்பிட்ட ஒன்றின் காதை நான் பிடித்துத் திருகியிருக்கிறேன்.

நான் அந்தத் துறைமுகத்தில் வேன் ஓட்டுகிறவள். கப்பலில் வரும் மாவு மூட்டையையும் சவப்பெட்டியையும் ஒரே வண்டியில்தான் ஏற்றுகிறேன். பெனியின் வீடு என் வீட்டுக்கு இடப்பக்கம், அவன் தங்கை மெலியானேயின் வீடு வலப்பக்கம். இருவரும் பேச வேண்டியதில் பாதியை என் வழியாகத்தான் பேசினார்கள். பசிபிக் கடலில் தீவுதீவாகச் சிதறிக் கிடக்கும் எங்கள் தொங்கா நாட்டில் வயசுக்கு வந்த அண்ணனும் தங்கையும் ஒரே அறையில் உட்கார மாட்டார்கள். அவள் உள்ளே வந்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். பகை ஒன்றும் இல்லை, மரியாதை. தங்கை அண்ணனைவிட உயர்ந்தவள். தங்கை பெற்ற பிள்ளை அதற்கும் மேலே. அந்தப் பிள்ளை மாமனிடம் எதைக் கேட்டாலும் மாமன் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. கேட்காமலே எடுத்துக்கொண்டு போனாலும் ஏன் என்று கேட்கக் கூடாது.

மெலியானேக்கு ஒரே மகன், உஹிலா. தகப்பன் இல்லாமல் வளர்ந்தவன், மீன்பிடிக்கிறவன், தீவின் ரக்பி அணியில் முன்வரிசை ஆட்டக்காரன். சிரித்தால் தெருமுனைவரை கேட்கும். மாமனின் சைக்கிள், மாமனின் ஸ்பீக்கர், கோயிலுக்குப் போட்டுப்போக மாமன் வைத்திருந்த வெள்ளைச் சட்டை, எல்லாம் அவனிடம்தான் இருந்தன. ஒருநாள் பெனி வீட்டுப் பன்றியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனான்.

“டேய், அது உன் அத்தை தான் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்த பன்னிடா!” என்று நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினேன்.

“அத்தை வளர்த்தா அது மாமாவோடது. மாமாவோடதுன்னா என்னோடது. எங்க டீம் ஜெயிச்சிருக்கு தவாக்கே அக்கா, உங்களுக்கும் ஒரு தொடை அனுப்பறேன். வாயை மூடிக்கோங்க!”

பெனி வாசலில் நின்று சிரித்தான். “எடுத்துக்கோ ராசா, எடுத்துக்கோ” என்றான். உள்ளே அவன் பெண்டாட்டி பாத்திரத்தைப் போட்ட சத்தம் என் வீடுவரை கேட்டது. உஹிலா தொடையை அனுப்பினான், அதையும் சொல்ல வேண்டும்.

பெனி ஆக்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை கற்றுக்கொண்டு வந்தவன். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, துறைமுகம், தீவில் எங்கே கம்ப்யூட்டர் படுத்தாலும் அவன்தான் போக வேண்டும். துறைமுக அலுவலகத்தில் இருந்தது யாரோ வெளிநாட்டில் கழித்துவிட்டதைத் தானமாக அனுப்பிய பழைய மெஷின். கப்பல் டிக்கெட் அதில்தான். படகுப் பதிவு அதில்தான். மீன்பிடிப் படகுகளில் மாட்டியிருக்கும் மஞ்சள் பெட்டியின் மேப்பும் அதில்தான். அந்தப் பெட்டி ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று சாட்டிலைட் வழியாகச் சொல்லிக்கொண்டே இருக்கும், அலுவலகத்து மேப்பில் ஒவ்வொரு தடவையும் ஒரு சிவப்புப் புள்ளி விழும். படகு தொலைந்தால் தேடுவதற்காகக் கொடுத்தது. தலைநகரில் இன்னொரு மேப் உண்டு. ஆனால் அந்த அலுவலகம் ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும்.

அந்த மெஷினின் பெரிய திரைமேல் உஹிலாவுக்கு ஒரு கண். அலுவலகத்தில் கரண்டும் இலவசம். சாயங்காலமானால் பென்டிரைவில் சினிமாவை ஏற்றிக்கொண்டு நண்பர்களோடு வந்து உட்கார்ந்துவிடுவான். பென்டிரைவ் எந்தெந்தத் தீவில் எந்தெந்த மெஷினில் மேய்ந்துவிட்டு வந்ததோ, யார் கண்டது. ஒரு காலையில் படகுப் பெயர்கள் எல்லாம் புழு நெளிகிற மாதிரி எழுத்தாக மாறிக் கிடந்தன. டிக்கெட் கணக்கு போயிற்று, மேப் போயிற்று. பெனி சாப்பாடு தூக்கம் இல்லாமல் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றினான். தலைநகரத்து அதிகாரி போனில் கத்தியது வாசலில் நின்ற எனக்கே கேட்டது.

அலுவலகப் பொறுப்பாளர் ஃபிலிமோனே கோயிலில் பிரசங்கம் செய்கிறவர். பேசினால் வீட்டிலும் பிரசங்கம்தான். “பெனி, உன் மருமகன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு. பென்டிரைவைக் கொண்டுவராதேன்னு சொல்லு, போதும்” என்றார்.

பெனி மென்று விழுங்கினான். “நான் எப்படிப் பெரியவரே சொல்றது? அவன் என் தங்கச்சி மகன்.”

“அப்ப நான் சொல்றேன்” என்று நான் குறுக்கே புகுந்தேன்.

“வேண்டாம்க்கா. நான் சொல்லச் சொன்னேன்னு அவ காதுக்குப் போகும். யாரும் சொல்ல வேண்டாம். மெஷினே சொல்லட்டும்.”

அப்படித்தான் ஆன்டிவைரஸ் வந்தது. இருப்பதிலேயே கறாரானதைத் தேடிப் போட்டான். உஹிலா பென்டிரைவைச் செருகினான். திரையில் சிவப்புக் கட்டம் வந்து, முடியாது என்று சொல்லிவிட்டது.

“மாமா! உன் டப்பா என்னைத் திருடன்ங்குது!”

“அது எல்லாரையும் அப்படித்தான் சொல்லும் ராசா. எனக்கே சொல்லுது.”

“நீ ஒரு வார்த்தை சொல்லி விடச் சொல்லேன்.”

“நான் சொன்னா கேக்காதே. என்ன பண்ணட்டும்?”

உஹிலா போன பிறகு பெனி என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளைக்கு அவன் மறுத்த முதல் பொருள் அது, வாயைத் திறக்காமலே மறுத்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல வழி கண்டுபிடித்தான் என்றுதான் நினைத்தேன்.

ஆனால் கிழட்டு மெஷினுக்கு அந்தக் காவலைத் தாங்கச் சக்தி இல்லை. ஒரு ஃபைலைத் திறந்தாலும் ஆன்டிவைரஸ் அதை முழுக்கப் புரட்டிப் பார்த்த பிறகுதான் விடும். டிக்கெட் போட வந்தவர்கள் வரிசையில் நின்று ஃபிலிமோனேயைத் திட்டினார்கள், ஃபிலிமோனே பெனியைத் திட்டினார். பிறகு ஃபிலிமோனே ஆன்டிவைரஸை நிறுத்திவைக்கக் கற்றுக்கொண்டார். நிறுத்திய அன்றே உஹிலா பென்டிரைவோடு வந்து உட்கார்ந்தான். பெனி மறுநாள் பார்த்தான், யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் நிறுத்த முடியாதபடி பாஸ்வேர்ட் வைத்தான். அது அவன் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. ஃபிலிமோனேயிடம் சொன்னால் உஹிலா ஒரு சிரிப்பில் பிடுங்கிவிடுவான் என்று அவனுக்குத் தெரியும்.

வாரத்துக்கு ஒரு தடவை முழு மெஷினையும் ஸ்கேன் செய்ய வேண்டும். அது ஓடும்போது வேறு எந்த வேலையும் நடக்காது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாத நேரம் எது? ஞாயிற்றுக்கிழமை மதியம். தொங்காவில் ஞாயிற்றுக்கிழமை வேலை செய்வது சட்டப்படியே குற்றம். படகு கடலுக்குப் போகாது, கடை திறக்காது. மதியம் தீவு முழுவதும் கோயிலிலிருந்து வந்து, காலையிலேயே குழியில் வைத்து மூடிய மண் அடுப்பைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும். பெனி அந்த நேரத்தைத்தான் வைத்தான். வேறு யாராக இருந்தாலும் அதையேதான் வைத்திருப்பார்கள்.

ஃபிலிமோனே சனிக்கிழமை சாயங்காலம் மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, மேலே துணி போட்டு மூடிவிட்டுப் போனார்.

“பெரியவரே, ஞாயித்துக்கிழமை அது ஓடணும். ஆள் இல்லாதப்பதான் அதோட வேலை” என்று பெனி கெஞ்சினான்.

“அதேதான் நானும் சொல்றேன். வேலை. என் பொறுப்புல இருக்கற இடத்துல கர்த்தரோட நாள்ல மனுஷனும் வேலை செய்யமாட்டான், மெஷினும் செய்யாது.”

“உங்க வீட்டு ஃப்ரிட்ஜ் ஞாயித்துக்கிழமை உபவாசமா?” என்று நான் கேட்டேன். அவர் ஒரு மாதம் என் வேனில் ஏறவில்லை.

விடுபட்ட ஸ்கேனை, மெஷினைப் போட்டவுடன் முதல் வேலையாக ஆன்டிவைரஸ் தானே ஆரம்பித்துவிடும். அதனால் திங்கட்கிழமைக் காலைகளில் துறைமுகத்தில் ஒன்றும் நகராது. வேறு நாளுக்கு மாற்றிவிடேன் என்று நானே சொன்னேன். எந்த நாளுக்கு மாற்றினாலும் அந்த நாள் படுத்துவிடும் என்றான். திங்கட்கிழமைதானே, பொறுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை யாராவது அந்த மெஷினைப் போட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. யார் போடப் போகிறார்கள்?

அந்தச் சனிக்கிழமை உஹிலா தனியாகக் கடலுக்குப் போனான். இருட்டுவதற்குள் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நேரமாகிவிட்டால் பக்கத்துத் தீவில் ஒதுங்கி, ஞாயிற்றுக்கிழமையை அங்கேயே கழித்துவிட்டுத் திங்கட்கிழமை வருவது எங்கள் மீனவர்களுக்கு வழக்கம். மெலியானே அப்படித்தான் நினைத்தாள். மறுநாள் காலை ஆராதனை முடிந்து வரும்போது பக்கத்துத் தீவுப் போதகரிடமிருந்து சேதி வந்தது. அங்கே எந்தப் படகும் வரவில்லை.

நான் மண் அடுப்பின் மேலிருந்த மண்ணை விலக்கிக்கொண்டிருந்தேன். மெலியானே கோயிலுக்குப் போக இடுப்பில் கட்டிய நல்ல பாயை அவிழ்க்காமலே ஓடி வந்தாள். “அக்கா, வேனை எடுங்க. ஃபிலிமோனே வீட்டுக்குப் போகணும். மஞ்சப் பெட்டி எங்க இருக்குன்னு பாக்கணும்.” சேப்ப இலைப் பொட்டலங்களை அடுப்பிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஃபிலிமோனே மறுபேச்சு பேசவில்லை, சாவியை எடுத்துக்கொண்டு ஏறினார். அதை அவர் கணக்கில் எழுதத்தான் வேண்டும்.

துறைமுகத்தில் படகுக்காரர்கள் ஞாயிறும் பார்க்காமல் டாங்க் நிறைய எண்ணெயோடு நின்றார்கள். “எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க” என்றார்கள்.

ஃபிலிமோனே துணியை எடுத்தார், பிளக்கைச் செருகினார். மெஷின் உயிர் வந்து உறுமியது. திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வந்தது: இந்த வார ஸ்கேன் விடுபட்டுவிட்டது, இப்போது தொடங்குகிறது. அவர் மேப்பை அழுத்தினார். வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

“இதோ வந்துடும்” என்றார்.

வரவில்லை. ஆன்டிவைரஸ் முதலில் தன் புதுப் பட்டியலை இறக்க ஆரம்பித்திருந்தது. எங்கள் தீவின் சாட்டிலைட் லைன் சொட்டுச் சொட்டாகத்தான் விடும். அந்தச் சொட்டையும் அதுவே குடித்துக்கொண்டிருந்தது. ஸ்கேனை நிறுத்தப் பார்த்தார். பாஸ்வேர்ட் கேட்டது.

“பெனி எங்க?” என்றார் என்னிடம்.

பெனி தீவின் மறுகோடியில் இருந்தான். அவன்தான் பாடகர் குழு நடத்துகிறவன், அன்று குழு அந்தக் கோடியிலுள்ள கோயிலில் பாடப் போயிருந்தது. குழுவில் எல்லாரையும்போல அவனும் போனை அணைத்து வீட்டில் வைத்திருந்தான். நடுவில் கடலுக்குள் போட்ட கல்பாதை, கடல் ஏறினால் மூடிவிடும். இதோ வந்துவிடும், இதோ வந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் பாதி மதியத்தை விட்டிருந்தோம். நான் போய்ச் சேர்ந்தபோது கல்பாதை தண்ணீருக்குள் இருந்தது. எவ்வளவு ஆழம் என்று பார்க்கவில்லை, வேனை இறக்கினேன். இன்றும் அதன் கதவு அடியில் துருதான்.

கோயிலுக்குள் பாட்டு நடந்துகொண்டிருந்தது. நடுவழியில் போய் நின்று, “பெனி! பாஸ்வேர்டைச் சொல்லு! உஹிலா கடல்ல இருக்கான்!” என்று கத்தினேன். தூக்கிய கை தூக்கியபடியே நின்றான். பிறகு ஓடி வந்து என் போனைப் பிடுங்கி ஃபிலிமோனேயைக் கூப்பிட்டு, பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். அது உஹிலாவின் பெயரும் அவன் பிறந்த வருஷமும்.

“இப்ப அது பாஸ்வேர்டே கேக்கலையே” என்றார் ஃபிலிமோனே. “கறுப்புத் திரைதான் இருக்கு. ஏதோ நம்பர் ஓடுது.”

“அணைச்சீங்களா?”

“சிக்கிக்கிச்சு பெனி. பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து ஆரம்பிக்குது.”

“இனிமே தொடாதீங்க. அது தன்னைத்தானே சரிபாத்து முடிக்கட்டும். தொடாதீங்க!” என்று அலறினான். அவன் ஒரு பெரியவரிடம் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

திரும்பும் வழியில் வேன் தண்ணீரில் இருமித் திணறியபோதெல்லாம் அவன், “அக்கா, அக்கா” என்றான். துறைமுகத்தில் பொறுமையிழந்த படகுகள் கிழக்கே போயிருந்தன, உஹிலா எப்போதும் கிழக்கேதான் போவான் என்பதால். பெனி அலுவலகத்துக்குள் நுழைந்தான். உள்ளே இருந்த மெலியானே அண்ணனைப் பார்த்ததும் எழுந்து வெளியே வந்து, ஜன்னலுக்குக் கீழே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அந்த நேரத்திலும். எனக்கு வந்த கோபத்தில் அந்த வழக்கத்தையே பிடித்துக் கடலில் எறிய வேண்டும் போலிருந்தது.

கறுப்புத் திரை முடிந்து மெஷின் எழுந்தது. பெனி பாஸ்வேர்டை அடித்தான், விரல் தவறியது, மறுபடி அடித்தான். காவல் நின்றது. மேப் திறந்தது.

புள்ளிகள் மேற்கே இருந்தன. காலையிலிருந்து மதியம் தாண்டும்வரை எல்லாம் ஒரே இடத்தில், ஆள் இல்லாத ஒரு திட்டின் பவளப் பாறை ஓரத்தில் குவிந்து கிடந்தன. இன்ஜின் செத்து, நங்கூரம் போட்டு, யாராவது வருவார்கள் என்று அவன் காத்திருந்த இடம் அது. எங்கள் துறையிலிருந்து ஒரு நல்ல படகு, உட்கார்ந்து சாப்பிட்டு எழும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு காற்று திரும்பியிருக்கிறது. நங்கூரக் கயிறு அறுந்திருக்க வேண்டும். புள்ளிகள் ஒவ்வொன்றாக விலகி விலகி ஆழ்கடலுக்குப் போயின. கடைசிப் புள்ளிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. பெட்டியின் பேட்டரி தீர்ந்துவிட்டது.

பெனி திசையைச் சொல்ல வெளியே ஓடியபோது சூரியன் தண்ணீரைத் தொட்டிருந்தது. மிச்சமிருந்த படகுகள் போயின, ஒன்றும் தெரியாமல் திரும்பின, விடிந்ததும் மறுபடி போயின. நியூசிலாந்திலிருந்து விமானம் வந்து சுற்றியது. கிடைத்தது அவன் ஐஸ் பெட்டி மட்டும். மூடி இல்லை, உள்ளே ஒரு செருப்பு.

உடல் இல்லாமலே இழவு நடந்தது. உஹிலாவின் அப்பா வழி அத்தை, இழவு வீட்டில் உயர்ந்த உறவு அவள்தான், உடலுக்குப் பதிலாக அடுக்கிய பாய்க்குவியலின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். பெனி வழக்கப்படி கொல்லையில் புகைக்குள் நின்று பன்றி சுட்டான். கண் சிவந்திருந்ததை எல்லாரும் புகை என்றார்கள். மெலியானே அவனை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்ல வழியில்லை, அண்ணனிடம் அப்படிப் பேசக் கூடாது. சொல்லியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்று நான் இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் பெனி துறைமுக மெஷினிலிருந்து ஆன்டிவைரஸைப் பிடுங்கி எறிந்தான். தலைநகரத்திலிருந்து கேட்டார்கள், பதில் சொல்லவில்லை. வைரஸ் வந்தால் என்ன செய்வாய் என்றேன். “யாருக்கா கொண்டுவரப் போறா?” என்றான். உண்மைதான். பென்டிரைவோடு வர ஆள் இல்லை. ஃபிலிமோனே இப்போது சனிக்கிழமை மெஷினை அணைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆளில்லாத அறையில் அது எரிந்துகொண்டிருக்கிறது. பிரசங்கத்தை அவர் விட்டுவிட்டார்.

போன மாதம், வேலை நாளில், நான் அலுவலகத்தில் பார்சலுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். மெலியானே உள்ளே வந்தாள். பெனி வழக்கம்போல எழுந்து பின்கதவுப் பக்கம் திரும்பினான்.

“போகாதே” என்றாள்.

அவன் நின்றான். குழந்தைகளாக இருந்ததற்குப் பிறகு அவர்கள் இருவரையும் ஒரே அறைக்குள் நான் பார்த்ததில்லை. அவள் நாற்காலியை இழுத்து மெஷின் முன்னால் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள்.

“அவன் இருந்த இடத்தைக் காட்டு. நான் பாத்ததே இல்லை.”

பெனி உட்கார்ந்தான். மேப்பை அழுத்தினான். அழுத்திய விரலை எடுப்பதற்குள் மேப் திறந்துவிட்டது. கடல், தீவுகள், மேற்கே அவன் இன்னும் அழிக்காமல் வைத்திருந்த சிவப்புப் புள்ளிகள், எல்லாம் ஒரே நொடியில்.

மெலியானே புள்ளிகளைப் பார்க்கவில்லை. மெஷினைப் பார்த்தாள், பிறகு அவன் விரலைப் பார்த்தாள்.

“இவ்ளோ சீக்கிரமா திறக்கும்?”

பெனி தலையை ஆட்டினான்.

“அன்னிக்கும் இதே மெஷின்தானா அண்ணா?”

“இதேதான்.”

அவள் கையை நீட்டி, திட்டின் ஓரத்தில் குவிந்து கிடந்த புள்ளிகள்மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தாள். பிறகு எழுந்து நாற்காலியை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனாள். பெனி நெஞ்சுப் பாயை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். வரிசையில் அடுத்து நின்றவர் டிக்கெட் கேட்டார், அவன் போட்டுக்கொடுத்தான்.